ஏழு பானையும் ஒரு கதவும்

குடியாத்தம்,
1907 பிப்ரவரி 4.

அன்புத் தங்கை லூயிசாவுக்கு அக்கா இசபெல்லா எழுதுவது.

இங்கே நானும் உன் மாமாவும் உன் மகள் சலோமியும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்க மாட்டேன். சுகமாக இருக்கிறவள் இப்படியொரு காரியம் செய்ய மாட்டாள்.

மாமாவுக்கு நீ போட்ட கார்டைப் படித்தேன். எனக்கு எழுதப் பயந்து அவருக்கு எழுதியிருக்கிறாய். மாணிக்கராஜ் காய்ச்சலில் போய் மூன்று மாதம் ஆகிறது. சுரங்கத்துக்கு இறங்குகிற ஆள் இல்லாத குடும்பத்துக்கு லைன் வீடு கிடையாது, மாதக் கடைசிக்குள் காலி செய் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். சரி, அது அவர்கள் சட்டம். பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறி இங்கே வர வேண்டியவள், ஆண்டர்சன்பேட்டையில் மனை பிடித்து வீடு கட்டுகிறேன் என்று எழுதுகிறாய். இருபத்தேழு வயதுப் பெண், புருஷன் இல்லாதவள், தனியாக வீடு கட்டிக் குடியேறுகிறாளாம். சபையில் கேட்கிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

வீடு என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உபதேசியாருக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினான்கு வருஷத்தில் ஆறு வீடு மாறியிருக்கிறேன். கேட்டுக்கொள். சுவர் காய்வதற்கு முன் குடிபோகாதே. கையால் தடவிப் பார்த்து ஏமாறாதே. ஒரு துணியில் கல்லுப்பை முடிந்து சுவரை ஒட்டி மூன்று நாள் தொங்கவிடு. முடிச்சு நனைந்தால் சுவர் காயவில்லை. அடுப்பை வாசலுக்கு நேரே போடாதே, காற்று புகையை உன் கண்ணுக்கே திருப்பும். முதல் நாளே மூலைக்கு மூலை சாம்பல் தூவு, எறும்பு வராது. எலி செத்துக் கிடந்தால் பெருக்கித் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்காதே; பிளேக் காலம், அன்றைக்கே வெளியேறு. கதவு கெட்டியாக இருக்க வேண்டும். உள்தாழ்ப்பாள் ஒன்று போதாது, இரண்டு போடு.

இதில் பாதிகூட நீ செய்யப்போவதில்லை. ஆகையால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு வீடுதான் என்று எனக்குத் திருப்தி வருகிற வரையில் சலோமி இங்கேயே இருப்பாள். நீ அவளுக்கு என்ன பழக்கம் கற்றுக்கொடுத்தாயோ, அம்மா வைத்துவிட்டுப் போன அடுக்குப்பானையைத் தினமும் ஒவ்வொன்றாக இறக்கித் தரையெல்லாம் பரப்பி வைக்கிறாள். ஆறு வயதுப் பெண் செய்கிற காரியமா இது? நேற்று முதுகில் இரண்டு வைத்தேன். அழவில்லை. உன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

உன் அக்கா,
இசபெல்லா ஏனோக்.


கோலார் தங்கவயல், லைன் வீடு,
1907 பிப்ரவரி 14.

அக்காவுக்கு,

பயந்து மாமாவுக்கு எழுதவில்லை. யாருக்கு எழுதினாலும் நீதான் முதலில் படிப்பாய் என்று தெரிந்து, மரியாதைக்காக அவர் பேரைப் போட்டேன்.

முதலில் ஒன்று. சலோமியை அடிக்காதே. பானையை இறக்கினால் இறக்கட்டும். அவள் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஒரு மாதம் வைத்துக்கொள் என்று உன்னிடம் அனுப்பினேன். கொடுத்துவிடவில்லை.

வீட்டைப் பற்றிக் கேள். ஒரே அறை. செம்மண் சுவர், மேலே தகரம், தகரம் பறக்காமல் இருக்க அதன் மேல் கல். என் கம்மல் இப்போது சுவராக நிற்கிறது. காதில் கிடந்தபோது இவ்வளவு பிரயோஜனமாக இல்லை. சோற்றுக்கு என்ன செய்வாய் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சுரங்கத்திலிருந்து மேலே வருகிற கல்லில் பொன் இருக்கிற கல்லையும் வெறும் கல்லையும் பிரிக்கிற ஷெட்டில் எனக்கு வேலை. பக்கத்தில் உட்காருகிறவள் தாயம்மா, ஆம்பூர்க்காரி. அவள் வீடும் ஆண்டர்சன்பேட்டையில்தான். ஷிப்ட் முடிந்ததும் நானும் அவளும் போய் மண் மிதித்தோம். கால் இரண்டும் இன்னும் சிவப்பாக இருக்கிறது.

இந்த லைன் வீட்டை விட்டுப் போக எனக்கு வருத்தமே இல்லை. மூங்கில் தட்டிதான் சுவர். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் நான் இங்கிருந்து நூறு சொல்வேன். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போக மாட்டேன். கம்பெனி கொடுப்பது தட்டியும் கூரையும்தான். கதவு அவரவர் போட்டுக்கொள்வது. வீடு மாறும்போது கதவைக் கழற்றித் தலையில் தூக்கிக்கொண்டு போவது இங்கே வழக்கம். எங்கள் கதவு அவர் செய்தது. வெடிமருந்து வந்த பெட்டிகளின் பலகையைச் சேர்த்து, நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அடித்தார்.

நேற்று அதைக் கழற்றும்போது லைன் மேஸ்திரி வந்து நின்றார்.

“இன்னாம்மா, கதவைக் கழட்டற? பலகை கம்பெனிது. வெச்சுட்டுப் போ.”

“காலிப் பெட்டி, அடுப்பெரிக்க எடுத்துக்கோன்னு குடுத்தது நீங்கதான் மேஸ்திரி. என் வூட்டுக்காரரு எரிக்காம கதவு பண்ணாரு. எரிச்சிருந்தா இப்ப சாம்பலைக் கேப்பீங்களா?”

“கேட்டாலும் கேப்பாரு. நீ தூக்கு லூயிசா” என்றாள் தாயம்மா.

லைனில் இருந்த பெண்கள் எல்லாம் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டே போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் கதவைத் தலையில் வைத்துக்கொண்டு கடைத்தெரு நடுவிலேயே நடந்து ஆண்டர்சன்பேட்டை வரைக்கும் போனோம். சந்து வழியாகப் போகலாம் என்று தாயம்மா சொன்னாள், நான் ஒப்பவில்லை.

தாழ்ப்பாள் இரண்டு போட்டாயிற்று. பிள்ளையை எப்போது அனுப்புகிறாய்?

லூயிசா.


குடியாத்தம்,
1907 பிப்ரவரி 20.

லூயிசாவுக்கு,

கடைத்தெருவில் கதவைச் சுமந்த கதையைப் பெருமையாக எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பலகையில் இங்கிலீஷில் ஏதோ அச்சடித்திருக்குமே என்று மாமாவைக் கேட்டேன். ‘அபாயம்’ என்று எழுதியிருக்கும் என்கிறார். அபாயம் என்று எழுதின கதவுக்குள் ஒரு பிள்ளையை அனுப்பச் சொல்கிறாய். எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பி மாட்டு. இல்லாவிட்டால் தார் பூசு.

தசரதனைத் தெரியுமல்லவா, புளி ஏற்றிக்கொண்டு உங்கள் பக்கம் வருகிற வண்டிக்காரன். அவன் வண்டியில் அம்மாவின் அடுக்குப்பானை ஏழையும் உனக்கு அனுப்புகிறேன். ஆறு வீடு மாறியும் அதில் ஒரு கீறல் விழவில்லை. பானை நிறைய ஈர வைக்கோலைத் திணித்து, வாய்க்கு வாய் பழந்துணி சுற்றிக் கட்டியிருக்கிறேன். பிரிக்கும்போது அவசரப்படாதே. அடுப்பிலிருந்து தள்ளி, சுவரோரமாக அடுக்கு. அடியில் பெரியது, அதில் அரிசி. அதற்கு மேல் கேழ்வரகு, அதற்கு மேல் பருப்பு வகை. உச்சியில் இருக்கிற சின்னதில் உப்பு. அம்மா அப்படித்தான் வைத்திருந்தாள். எனக்கு நான் சந்தையில் வேறு அடுக்கு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைகிறவர்கள் பார்த்தவுடனே இது குடும்பம் நடக்கிற இடம் என்று தெரிய வேண்டும். அடுக்கு நிற்காத இடத்தை நான் வீடு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். குடிபோய், அடுக்கி வைத்துவிட்டு எனக்கு எழுது. அன்றைக்கே சலோமியை அனுப்புகிறேன். இதற்கு மேல் நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

அவள் உன்னைக் கேட்காமல்தான் இருக்கிறாள். வருத்தப்படாதே.

இசபெல்லா.


ஆண்டர்சன்பேட்டை,
1907 மார்ச் 6.

அக்காவுக்கு,

மேலே ஊரின் பேர் மாறியிருப்பதைப் பார். குடிவந்துவிட்டேன்.

பானைகள் ஏழும் பத்திரமாக வந்தன. நீ கட்டிய கட்டு அப்படி. மலைப்பாதையில் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டதாம், ஒன்றும் ஆகவில்லை என்று தசரதனே ஆச்சரியப்பட்டான். அம்மாவின் பானைகளை நீ எனக்குக் கொடுப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. உட்கார்ந்து அழுதேன். அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

நீ சொன்ன வரிசையிலேயே அடுக்கினேன். தாயம்மா வாசலில் நின்று தலையிலடித்துக்கொண்டாள்.

“இன்னா லூயிசா, புத்தி கெட்டுப்போச்சா? இந்த ஊர்லே எவளாவது பானைமேலே பானை வெச்சுப் பாத்திருக்கியா?”

பார்த்ததில்லை. ஒன்பது வருஷமாக இங்கே இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? கீழே ஆழத்தில் பாறை சில சமயம் தானாகவே வெடிக்கும். ஏர்பிளாஸ்ட் என்பார்கள். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் மேலே இருக்கிற வீடெல்லாம் ஒரு குலுக்குக் குலுங்கும். அதனால் இங்கே பானைகள் எல்லாம் தரையில்தான், ஒவ்வொன்றும் தனித்தனி வைக்கோல் பிரிமணையில் உட்கார்ந்திருக்கும். இது தெரிந்திருந்தும் அடுக்கினேன். அடுக்கினால் பிள்ளையை அனுப்புவேன் என்று நீ எழுதியிருந்தாயே, வேறென்ன செய்வது?

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வந்தது. தகரம் தடதடவென்று அடித்துக்கொண்டது. நான் பாய்வதற்குள் அடுக்கு சாய்ந்துவிட்டது. ஆறு பானை போயிற்று. அரிசியும் கேழ்வரகும் ஓடும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. உச்சியில் இருந்த உப்புப்பானை மட்டும் பாயில் உருண்டு பிழைத்தது. கீழே சுரங்கத்தில் பாறை வெடித்த அந்த லெவலில் ஆள் இல்லை, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். சுவரில் ஒரு விரிசல் இல்லை. கதவு அசையவில்லை.

‘அடுக்கு நிற்கிறது’ என்று ஒரு வரி எழுதிப் போடு, பிள்ளை வந்துவிடும் என்றாள் தாயம்மா. எழுதியிருக்கலாம். என் வீட்டைப் பற்றி நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

சலோமி உன் பானைகளை ஏன் இறக்கி வைத்தாள் என்று இப்போதாவது புரிகிறதா? அவள் பிறந்த ஊரில் பானையின் இடம் தரை. அதற்குத்தான் நீ அடித்தாய். இனி நிபந்தனை எதுவும் போடாதே அக்கா. அவளை அனுப்பு.

லூயிசா.


குடியாத்தம்,
1907 மார்ச் 11.

லூயிசாவுக்கு,

ஆறு பானை. அம்மா கையால் புகை போட்டுப் பழக்கிய பானைகள். நான் பதினான்கு வருஷம் தூக்கிச் சுமந்தேன், உன்னிடம் ஒரு வாரம் நிற்கவில்லை. விழும் என்று தெரிந்தே அடுக்கினேன் என்கிறாய். தெரிந்தால் அதை முன்னாலேயே எனக்கு எழுதியிருக்க வேண்டியதுதானே? என்னைக் குற்றவாளியாக்க வேண்டும் என்றே அடுக்கினாய்.

பூமி நிலையில்லாத ஊர் என்று நீயே உன் கையால் எழுதியிருக்கிறாய். பானை நிற்காத இடத்தில் பிள்ளையை எப்படி நிறுத்துவேன்? இன்றைக்குப் பானை விழுந்தது. நாளைக்குத் தகரத்தின் மேல் ஏற்றி வைத்திருக்கிறாயே கல், அது விழாது என்று எழுதித்தருகிறாயா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஜனவரியில் சலோமிக்குக் காய்ச்சல் வந்தது. உனக்கு எழுதவில்லை. இரண்டு நாள் என் மடியை விட்டு இறங்கவில்லை. என்னை அம்மா என்று கூப்பிட்டாள். பெரியம்மா என்று திருத்த எனக்கு வாய் வரவில்லை. பதினான்கு வருஷமாக அந்த வார்த்தையை நான் அடுத்த வீடுகளிலிருந்துதான் கேட்டிருக்கிறேன்.

மாமாவுக்குச் செங்கத்துக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது. மே மாதம் போகிறோம். சலோமியையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறோம். அங்கே மிஷன் வீடு கல் கட்டடம் என்கிறார்கள். நீ வந்தால் உனக்கும் இடம் உண்டு.

இசபெல்லா.


ஆண்டர்சன்பேட்டை,
1907 மார்ச் 14.

திருமதி ஏனோக் அம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பெற்றவளுக்கு ஒரு கார்டு போடவில்லை. மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டதற்கு நான் உங்கள் காலைத் தொட வேண்டும். மறைத்ததற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

பூமி ஆடுகிற ஊர் என்கிறீர்கள். ஆடாத பூமியில் ஆறு வீட்டில் இருந்தீர்கள். அதில் ஒன்றாவது உங்கள் பின்னால் நின்றதா? இப்போது ஏழாவதற்கு மூட்டை கட்டப் போகிறீர்கள். எங்கே போ என்றாலும் போக வேண்டும், எப்போது கிளம்பு என்றாலும் கிளம்ப வேண்டும். நானும் ஒரு முறை அப்படிக் கிளம்பியவள்தான். இனி கிளம்ப மாட்டேன். இந்த ஒற்றை அறையைக் காலி செய் என்று சொல்ல ஒரு மேஸ்திரிக்கும் வாய் கிடையாது. இதை விட்டுவிட்டு உங்கள் கல் கட்டடத்தின் மூலையில் நான் ஏன் ஒண்ட வேண்டும்?

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு. ஷெட்டுக்கு விடுமுறை. ஆராதனை முடிகிற நேரத்துக்குக் குடியாத்தம் கோவில் வாசலில் நிற்பேன். சபையார் எல்லாம் ஓலையும் கையுமாக வெளியே வரும்போது, என் மகளைக் கொடுங்கள் என்று உரக்கக் கேட்பேன். சபையில் என்ன பதில் சொல்வது என்று முதல் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். யோசித்து வையுங்கள்.

அவளுடைய நீலப் பாவாடையையும் சிலேட்டையும் மட்டும் எடுத்து வையுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

லூயிசா மாணிக்கராஜ்.


குடியாத்தம்,
1907 மார்ச் 19.

லூயிசா,

‘நீங்கள்’ என்று எழுதியிருந்தாய். ஆறு பானை உடைந்தபோது இவ்வளவு வலிக்கவில்லை. மறுபடி அப்படி எழுதாதே.

உன் கடிதத்தைக் கிழித்துப்போட வேண்டும் என்று கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அப்போது வீட்டுக்குப் பின்னால் ரயில் போயிற்று. வழக்கம் போல வீடு கொஞ்சம் அதிர்ந்தது. வழக்கம் போல சலோமி எங்கிருந்தோ ஓடிவந்து என் புது அடுக்கைக் கட்டிக்கொண்டாள். ரயில் போகும்போதெல்லாம் இப்படித்தான் செய்கிறாள். பயத்தில் ஒட்டிக்கொள்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் கேட்டேன்.

“என்னடி பயம்? ரயில்தானே?”

“பயமில்லே பெரியம்மா. பானை வுழுந்துடும். அதான் புடிச்சிக்கினு இருக்கேன்.”

“அது விழாதுடி.”

“எங்க ஊர்லே வுழும். நீங்கதான் எறக்கி வெச்சா அடிக்கிறீங்களே.”

நாலு மாதமாக என் பானைகளைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள், லூயிசா. இறக்கினால் அடி விழுகிறது என்று, பிடித்துக்கொண்டாவது நிற்போம் என்று அந்தப் பிள்ளை யோசித்திருக்கிறது. நீ எழுதியதைப் படித்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. அவள் சொன்னபோது உறைத்தது. எங்க ஊர் என்று சொன்னாள். என் வீட்டில் நின்றுகொண்டு, என் பானையைப் பிடித்துக்கொண்டு, எங்க ஊர் என்றாள். இதற்கு மேல் நான் என்ன வாதாடுவது?

அடுக்கை நானே இறக்கி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம். சனிக்கிழமை நானே அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீ கோவில் வாசலில் நின்று கத்துவாய் என்று பயந்து வருவதாக நினைத்துக்கொள்ளாதே. பார்க்காத வீட்டுக்கு இத்தனை நாள் குறை சொல்லிவிட்டேன். இனி பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

சுவரில் உப்பு முடிச்சுக் கட்டினாயா இல்லையா? எல்லாவற்றுக்கும் எதிர்த்துப் பேசினாய், அதற்கு மட்டும் பதிலே இல்லை.

அக்கா.


ஆண்டர்சன்பேட்டை,
1907 மார்ச் 21.

அக்கா,

உப்பு முடிச்சுக் கட்டினேன். மூன்று நாள் இல்லை, ஐந்து நாள். முதல் முறை நனைந்துவிட்டது, இன்னொரு முறை கட்டினேன். அதை எழுதினால் நீ ஜெயித்துவிடுவாய் என்று எழுதவில்லை. சாம்பலும் தூவினேன். போதுமா?

குடிபோவதற்கு முன் எனக்கு நீ சொன்னாய். நீ வருவதற்கு முன் நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். பௌரிங்பேட்டையில் வண்டி மாறும்போது சலோமியின் கையை விடாதே, ஜனம் நெருக்கும். ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கு. சனிக்கிழமை எனக்குப் பாதி நாள் லீவு தர முடியாது என்றார்கள். தாயம்மா என் பங்குக் கல்லையும் சேர்த்துப் பொறுக்குகிறாள், நான் வந்துவிடுவேன். சங்கு ஊதினால் திடுக்கிடாதே, ஷிப்ட் மாறுகிறது, அவ்வளவுதான்.

கதவில் எழுத்து வெளிப்பக்கம்தான் இருக்கிறது. திருப்பி மாட்டவும் இல்லை, தார் பூசவும் இல்லை. யார் வந்து தட்டினாலும் முதலில் அபாயம் என்று படித்துவிட்டுத் தட்டட்டும். நீ படிக்க வேண்டியதில்லை, தள்ளிக்கொண்டு உள்ளே வா.

இந்த வீட்டுக்காக இன்னும் யாரும் ஜெபம் பண்ணவில்லை. நான் யாரையும் கூப்பிடவில்லை. நீ பண்ணு. அப்புறம் எனக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. செங்கத்துக்கு மூட்டை கட்டுவதற்கு முன் ஒரு மாதம் இங்கே இரு. மாமாவுக்குச் சமைக்கத் தெரியாது என்று சாக்கு சொல்லாதே, கற்றுக்கொள்வார். சலோமி உன்னை எப்படிக் கூப்பிட்டாலும் நான் திருத்த மாட்டேன்.

உப்புப்பானையை உனக்காகத் தரையில் வைத்திருக்கிறேன். பூமி ஆடினால் வெளியே ஓடாதே, இருந்த இடத்தில் உட்கார். சலோமி பானையைப் பிடிக்க ஓடிவருவாள். நீ அவளைப் பிடித்துக்கொள், அக்கா. பானை உடைந்தால் உடையட்டும்.

லூயிசா.